தகரத்தில் படவேண்டிய உருண்டை

ஐம்பத்தெட்டு வயதுவரை நான் குறிபார்த்து எறிந்த ஒரே பொருள் வெண்கட்டி. அதுவும் வகுப்பில் நித்திரை கொள்ளும் பிள்ளைகளுக்கு. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தும், எறியத்தின் பாதையைக் கரும்பலகையில் ஆயிரம் தடவை கீறியும், என் வெண்கட்டி போகவேண்டிய பிள்ளைக்குப் போனது குறைவு. பக்கத்தில் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குத்தான் படும். ஓய்வுபெற்ற அடுத்த வருடமே கையில் உண்டிவில்லோடு, எங்கள் பேச்சில் கெற்றப்போலோடு, வாழைத்தோட்டத்தில் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்கும் ஒன்று எறிந்திருப்பேன்.

எங்கள் வீடு நீர்வேலியில். என் கணவருக்கு வாழைதான் தொழில், வாழைதான் பேச்சு. இதரை வாழையும் கப்பல் வாழையும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியிலிருந்து வடக்கு வேலிவரை நிற்கும். குரங்குத் தொல்லை என்பது தென்மராட்சிப் பக்கத்துக் கதை என்றுதான் நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம். பிறகு ஒருநாள் காலையில் வடக்கு வேலியோரத்து வேம்பில் எட்டுக் குரங்குகள் இருந்தன. எப்படி வந்தன, எந்த லொறியில் ஏறி வந்தன என்று ஒருவருக்கும் தெரியாது. தலைமை ஒரு தாட்டான், வால் முறிந்த ஆண்குரங்கு. ஒரு தாய்க்குரங்கின் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு குட்டி.

அவை பசிக்குத் தின்றால்கூட மனம் ஆறும். காயாக இருக்கும் குலையில் ஏறி, ஒவ்வொரு காயிலும் ஒரு கடி கடித்து, பிடிக்காமல் எறிந்துவிட்டு அடுத்த குலைக்குப் போகும். வெடி கொளுத்தினோம். இரண்டு நாள் ஓடின. மூன்றாம் நாள் எங்கள் நாய் மட்டும்தான் ஓடிக் கட்டிலுக்குக் கீழே படுத்தது. குரங்குகள் வேம்பில் இருந்து வேடிக்கை பார்த்தன.

அந்த வாரம் இவர் சந்தையால் வரும்போது சைக்கிள் கூடைக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. பேப்பரால் சுற்றி, நூலால் கட்டி. அதைக் கொண்டுபோய்த் தண்ணீர் இறைக்கும் மெசின் கொட்டிலின் கூரை வளையில் செருகினார். பூச்சிக்கு அடிக்கிற மருந்து. ஆனால் எந்தப் பூச்சிக்கும் அது வாங்கப்படவில்லை.

"பழத்துக்குள்ளை வைச்சா ஒரு கிழமையிலை முடிஞ்சிடும்" என்றார்.

"அதிலை ஒண்டு குட்டியோடை திரியுது."

"எனக்குத் தெரியும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பல்லியைக்கூட விளக்குமாற்றால் மெல்ல ஒதுக்கி யன்னலால் விடுகிற மனிசன். அவருக்குள் இப்படி ஒன்று இருக்கிறதா? குரங்குகளுக்காக மட்டும் நான் பயப்படவில்லை. இதைச் செய்துவிட்டு அடுத்தநாள் இவர் எந்த முகத்தோடு சாமியறைக்குள் போவார், நான் எந்த மனதோடு இவருக்குச் சோறு போடுவேன் என்பதுதான் என் பயம்.

நல்ல காலம், அதற்கு முந்தின நாள்தான் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறினால் கடைசி நாள் தீர்த்தம்வரை எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணில். முட்டைகூட வராது. அப்படிப்பட்ட இருபத்தைந்து நாளில் ஒரு உயிரைக் கொல்வதை இவராலேயே நினைக்க முடியவில்லை. "தீர்த்தம் முடியட்டும்" என்றார். கொலைக்கும் நாள் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. அந்த இருபத்தைந்து நாளுக்குள் நான் ஒரு வழி கண்டுபிடிக்கவேண்டும்.

திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து என் தம்பி வந்து நின்றான். அவன் பெட்டிக்குள்ளிருந்துதான் அந்தக் கெற்றப்போல் வந்தது. சின்ன வயதில் கொய்யாமரத்துக் கவர்க் கிளையில் சைக்கிள் ரியூப் கட்டி அவன் வைத்திருந்ததற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. இது உருக்குக் கவர். மணிக்கட்டைத் தாங்க ஒரு வளையம். பட்டையான மஞ்சள் இறப்பர். இழுத்தால் கை நடுங்கும்.

"முயலுக்கெண்டு வாங்கினது அக்கா. மனிசி வீட்டுக்குள்ளை வைக்க விடுறாவில்லை" என்றான்.

கூடவே ஒரு பை நிறைய உருக்குக் குண்டுகள். முதல் குண்டை வெட்டிப்போட்ட ஒரு வாழைத்தண்டுக்கு அடித்தோம். இருபது அடி தூரத்தில் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் எட்டிப்பார்த்தது. உடனே அந்தப் பையைக் கட்டி அவனுடைய பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.

ஆனால் அன்று பின்னேரமே எனக்கு ஒரு யோசனை வந்தது. வெடிச்சத்தம் எங்கிருந்தோ வருகிறது, ஆகவே குரங்கு பழகிக்கொள்கிறது. அது இருக்கும் கிளைக்குப் பக்கத்திலேயே, எதிர்பாராத நேரத்தில், தகரம் ஒன்று 'டாங்' என்று அதிர்ந்தால்? வேம்பில் ஒரு பிஸ்கற் தகரத்தின் மூடியைக் கட்டித் தொங்கவிட்டேன். மெசின் கொட்டில் வாசலிலிருந்து அதற்கு நாற்பத்திரண்டு அடி வைப்பு. அங்கிருந்து அந்த மூடியில் படவேண்டும், குரங்கில் படக்கூடாது. வேட்டைக்காரனுக்குக் குறி தவறினால் மிருகம் தப்பும். எனக்குக் குறி தவறினால் மிருகம் சாகும். ஆகவே வேட்டைக்காரனைவிட எனக்குக் குறி திறமாக இருக்கவேண்டும்.

தம்பி மூன்றாம் திருவிழாவோடு கொழும்புக்குப் போய்விட்டான். நான் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துத் தலைப்பு எழுதி, கீழே கோடு போட்டேன். பழக்க தோஷம்.

முதலில் கல். கிணற்றடியில் பொறுக்கிய கற்களைப் பத்துப் பத்தாக அடித்தேன். மூடிக்குப் பின்னால் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கட்டியிருந்ததால் எது எங்கே பட்டது என்று தெரியும். விரிப்பு முழுவதும் பட்டது, மூடியைத் தவிர. ஒன்று விரிப்பையும் தாண்டி அடுத்த வளவுக்குள் போய்விட்டது. அங்கே இவருடைய அக்கா இருக்கிறார், எனக்கு மச்சாள்.

"ஆரது எறியிறது?" என்று வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. என்னைக் கண்டதும், "பிள்ளை, உமக்குப் பென்சன் எடுத்தாப்பிறகு மூளை பிசகிப்போச்சோ?" என்றார்.

பிறகு சின்னப் பெடியள் விளையாடும் கண்ணாடிப் போளைகள். அவை நேராகப் போயின. பத்தில் ஆறு மூடியில். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பட்டவை உடைந்தன, செம்மண்ணுக்குள் கண்ணாடி. வாழைத்தோட்டத்தில் ஆர் செருப்புப் போட்டு நடக்கிறார்கள்? மச்சாள் விளக்குமாறோடு வந்து, பெருமூச்சை உரக்க விட்டபடி, துண்டு துண்டாகப் பொறுக்கினார்.

போளை எனக்கு ஒன்றைக் காட்டியது. எல்லா உருண்டையும் ஒரே நிறையாக, ஒரே வட்டமாக இருந்தால் இறப்பர் அதைத் தன்பாட்டில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகும். என் கை இரண்டாவது. உருண்டைதான் முதலாவது. அப்போ பட்டதும் பொடியாகி மண்ணோடு மண்ணாகிவிடும் உருண்டை வேண்டும். மண்ணால்தான் செய்யவேண்டும்.

அடுத்த ஒரு கிழமை நான் சாப்பாட்டையும் மறந்தேன் என்று சொன்னால் அது பொய், சமையலை மறந்தேன். எங்கள் செம்மண் தனியே காய்ந்தால் வெடிக்கும். குளத்துக் களி சேர்த்தால் பிடிக்கும், ஆனால் சுருங்கும். அடுப்புச் சாம்பல் கொஞ்சம் சேர்த்தால் சுருக்கம் குறையும். மருந்துப் போத்தல் மூடி இரண்டை அச்சாக வைத்து அமத்தி எடுத்தேன். பார்வைக்கு எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்தான். திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வாங்கிய சின்ன மின்தராசில் வைத்தால் ஒன்று ஏழு கிராம், மற்றது ஆறு. உள்ளே காற்று. விரிப்பில் பட்ட புள்ளிகள் கோழி கிளறியதுபோல இருந்தன.

எனக்கு எரிச்சல் வரும்போது கேள்வியும் வரும். காலையில் அடிப்பவை ஏன் மூடிக்குக் கீழே போகின்றன, மத்தியானம் அடிப்பவை ஏன் மேலே? தொலைபேசியில் மெதுவாக ஓடும் படம் எடுத்துப் பார்த்தேன். வெயில் ஏறினால் இறப்பர் விரைவாகச் சுருங்குகிறது. அதற்கு மருந்தாகக் காலையில் கெற்றப்போலைப் பத்து நிமிடம் மெசினின் சூட்டில் வைத்தேன். சரிவந்தது. அப்படியும் இடமும் வலமுமாகச் சிதறுவது ஏன்? என் கை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடம்வரை இழுக்கிறது. கடைசியில் பெருவிரல் என் காதுத் தோட்டில் தொடும்வரை இழுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். தோடு அசையாத அளவுகோல். கலியாணத்துக்குப் போட்ட தோடு இதற்கு உதவும் என்று எங்கள் அம்மா நினைத்திருக்கமாட்டா.

இவர் தினமும் பாத்தி கட்டி விட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னையும் பார்ப்பார். "விஞ்ஞானி, இண்டைக்கு எத்தினை?" என்று கேட்பார்.

"பத்திலை மூண்டு."

"தீர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்" என்பார். நக்கல்தான். ஆனால் அந்தக் கணக்கை அவரும் விடவில்லை என்பது எனக்குக் குத்தும். கொட்டிலுக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் என் கண் வளையில் இருக்கும் பொட்டலத்துக்குப் போகும்.

மச்சாள் அந்த நாட்களில் பயத்தம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு வந்து வெளிநாடு திரும்புகிறவர்கள் வாங்கிப்போவார்கள். வறுத்த பயத்தம் மாவில் பாகு விட்டு, சூடு ஆறமுதல் கையால் அள்ளி உருட்டவேண்டும். நான் மண் வாளியோடு அவருடைய குசினிக்கு முன்னால் போய் நின்று, "உங்கடை உருண்டையிலை ரெண்டு தாங்கோ" என்றேன்.

"தின்னவோ?"

"நிறுக்க."

என் மூளை பிசகியது அவருக்கு அன்று உறுதியாயிற்று. ஆனாலும் தந்தார். நிறுத்தேன். இரண்டும் ஒன்று. இன்னும் பத்து வாங்கி நிறுத்தேன். ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஒரு கிராமில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கதைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு உருட்டியவை. என் அச்சைவிட, என் தராசைவிட, அந்தக் கைக்கு நிறை தெரிந்திருந்தது. எனக்கு அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பிடித்தும் பார்த்தேன்.

"விடும் பிள்ளை, பாகு இறுகுது" என்றார்.

தன் வேலை முடிய, என் மண்ணையும் உருட்டித் தர ஒத்துக்கொண்டார். மறுநாள் மூன்று சுளகு நிறைய உருண்டைகள் காய்ந்தன. நான் செய்தவற்றைவிடக் கொஞ்சம் கருமை. ஒன்றுகூட வெடிக்கவில்லை. நல்ல மினுக்கம். எறும்பு மொய்த்திருந்தது, ஊதித் தட்டிவிட்டு எடுத்தேன். பத்தில் ஒன்பது மூடியில் பட்டது. அந்த ஒன்றும் என் தும்மலால் தவறியது. கொப்பியில் புள்ளிகளைக் குறித்தபோது அவை ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கின. நான் கொட்டில் வாசலிலேயே சிரித்தேன், தனியே, உரக்க.

நிறையைக் கிராமின் பத்தில் ஒன்றுக்கு நிறுத்த நான், வெயிலுக்கு இறப்பர் விரைவாகச் சுருங்குவதைக் கண்டுபிடித்த நான், மண்ணுருண்டையில் எறும்புக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

தேருக்கு முந்தின வெள்ளிக்கிழமை குரங்குகள் வேம்பில் இறங்கின. தாட்டான் முன்னுக்கு. நான் தோடுவரை இழுத்தேன். மூச்சை விட்டேன். மூடி 'டாங்' என்று அலறியது. தாட்டான் நின்ற நிலையில் இரண்டு முழம் எழும்பியது. எட்டும் வேலிக்கு மேலால் போன வேகத்தை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். சனி வரவில்லை. தேரன்று வரவில்லை. தீர்த்தம் முடிந்தது, வரவில்லை. இவர் பொட்டலத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. பழக்கம் விட்டுவிடக்கூடாதென்று நான் மட்டும் காலையும் பின்னேரமும் தகரத்துக்குப் பத்துப் பத்தாக அடித்தபடி இருந்தேன்.

அடுத்த வெள்ளி ஆவணிச் சதுர்த்தி. பிள்ளையாருக்கு மச்சாள் மோதகம் பிடித்தார். இவர் விரதம் முடித்து மூன்று மோதகம் சாப்பிட்டார். "உம்மடை படிப்பு வீண்போகேல்லை" என்றார். முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அப்படி ஒரு சொல் அவர் வாயால் வந்தது அதுதான் முதல்தடவை. வளையில் இருந்த பொட்டலத்தை நான் மறந்தே போனேன்.

ஞாயிறு காலை எட்டும் வேம்பில் இருந்தன. சும்மா இருந்தன, காத்துக்கொண்டு. அடித்தேன். 'டாங்.' ஒன்றும் ஓடவில்லை. தாட்டான் நிதானமாக இறங்கித் தகரத்துக்குக் கீழே குந்தி, பொடிந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்கி வாயில் போட்டது. மற்றவையும் இறங்கின. தாய்க்குரங்கு ஒன்றைக் குட்டிக்கும் கொடுத்தது. இன்னொன்று அடித்தேன், இன்னும் கிட்ட வந்தன. தின்று முடித்துவிட்டு, ஆறுதலாக, வாழைக்குப் போயின. அன்று மட்டும் ஐந்து இதரைக் குலை.

அவை போனபிறகு நான் வேம்படிக்குப் போய் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். இனித்தது. மண்ணும் இனிப்பும்.

வேலியால் கூப்பிட்டேன். "மச்சாள், மண்ணுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

"பனங்கட்டிப் பாகு. கொஞ்சம்."

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "பாகு விடாமல் உருண்டை பிடிக்கிறதோ பிள்ளை? அதுகும் படிப்பிக்கேல்லையோ உங்களுக்கு?"

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைக்குத் தெரிந்த வழியில் கை போயிற்று. ஒரு கிழமையாகக் குரங்கு இல்லாத தோட்டத்தில் காலையும் மாலையும் பனங்கட்டி விதைத்துக்கொண்டிருந்தது நான்தான். ஆரும் காணாத நேரத்தில் வந்து தின்று பார்த்திருக்கின்றன. தகரம் அதிர்ந்தால் இனிப்பு விழும் என்று எட்டுக் குரங்குக்கு நான் படிப்பித்திருந்தேன். என் வகுப்பில்கூட எட்டுப் பேரும் ஒன்றாய் விளங்கிக்கொண்ட பாடம் கிடையாது.

இவர் கடிபட்ட குலைகளைப் பார்த்துவிட்டு நேரே கொட்டிலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இண்டைக்கு ஆவணி ஞாயிறு" என்றேன். அவருடைய கை கூரை வளையில் நின்றது. "சஷ்டியும்."

"நாளைக்கு?"

எங்கள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். மச்சாள் வீட்டில் திருக்கணிதம். இரண்டும் ஒத்துப்போகாதது ஊரறிந்த வழக்கு; வருடம் முழுக்க அதை வைத்து அக்காவும் தம்பியும் சண்டை. வாழ்நாளில் முதல்தடவையாக அந்தச் சண்டைக்கு நான் நன்றி சொன்னேன். மச்சாளின் பஞ்சாங்கத்தை வாங்கிவந்து விரித்தேன். "திருக்கணிதத்திலை சஷ்டி நாளைக்கு." திங்கள் தப்பியது. செவ்வாய் அட்டமி, அதையும் சொன்னேன். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த மூன்று நாளில் பாகு இல்லாத உருண்டை செய்துபார்த்தேன். எல்லாம் சுளகிலேயே வெடித்தன. குரங்குகள் தினமும் வந்து தகரத்தடியில் குந்தியிருந்தன. நான் அடிக்காவிட்டால் வாழைக்குப் போயின.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்கு அந்தப் புதன் கிடைக்காமலே இருந்திருக்கலாம். காலையில் நானும் மச்சாளும் கிணற்றடியில் மண் வாளிக்கு முன்னால் இருந்தோம். இவர் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இண்டைக்கு நவமி" என்றேன்.

"அட்டமியும் நவமியும் நல்ல காரியத்துக்குத்தான் ஆகாது" என்றார். குரல் உயரவில்லை. "இது நல்ல காரியம் இல்லை எண்டு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் தொடர்ந்து சொன்னார்: "பழத்துக்குள்ளை வைச்சா ஆடும் மாடும் தின்னும் எண்டுதான் எனக்குப் பயம். இப்ப அந்தப் பயமும் இல்லை. உம்மடை உருண்டையை அந்தக் குரங்குகள் மட்டும்தான் தின்னுது. அக்கா, இதைப் போட்டு உருட்டு."

மச்சாள் இரண்டு கையையும் மடிக்குள் எடுத்துக்கொண்டார். "தம்பி, வெள்ளிக்கிழமை இந்தக் கையாலை பிள்ளையாருக்கு மோதகம் பிடிச்சனான். இதுக்குத் தரமாட்டன்."

"கைக்கு உறை போட்டுக்கொண்டு உருட்டன்."

"உறை போட்டா அளவு வராது."

"அளவில்லாட்டித் தகரத்திலை படாது" என்று இவர் என்னைப் பார்த்தார்.

அப்போது நான் சொன்னதை எழுதாமல் விடலாம். ஆனால் விட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. நான் சொன்னேன்: "உருண்டை காய்ஞ்சபிறகு ஊசியாலை ஒரு துளை போட்டு, உள்ளுக்கு வைச்சு அடைக்கலாம். நிறை மாறாது."

கேள்வி ஒன்று காற்றில் நின்றது; என் வாய் அதற்கு விடை சொன்னது. அவ்வளவுதான். ஒரு மாதமாக எந்தக் கொலையைத் தடுக்க நின்றேனோ, அதற்கு வழி இல்லாமல் அவர் நின்றபோது வழி சொன்னது நான். சொல்லும்போது மனதில் ஒரு குட்டியும் இல்லை, சாமியறையும் இல்லை. துளை நடுவில் இல்லாவிட்டால் உருண்டை இடப்பக்கம் இழுக்குமோ என்ற யோசனைதான் இருந்தது. சொல்லி முடிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. மச்சாள் என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இவரும் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் பற்றி ஏதோ புதிதாக அறிந்தவர்போல, கொஞ்சம் பயந்தவர்போல.

"அடிக்கிறது நீர்தான். எனக்குக் குறி வராது" என்றார் மெல்ல.

எனக்கு அழுகை வந்தது. அழுதபடியே கெற்றப்போலை எடுத்தேன். "ஓம். நான் அடிக்கிறன். நீங்கள் வந்து பக்கத்திலை நில்லுங்கோ. தின்னுறதைப் பாக்கவேணும். நான் தனியப் பாக்கமாட்டன்."

அவர் பொட்டலத்தோடு கொட்டில் வாசல்வரை நடந்தார். நான் பின்னால் போய் நின்றேன். வேம்படியில் எட்டும் வரிசையாகக் குந்தியிருந்தன, தகரத்தை அண்ணாந்து பார்த்தபடி. கோயிலில் பிரசாதத்துக்கு இருக்கும் பந்திபோல. எங்களைக் கண்டதும் ஒன்றும் ஓடவில்லை. தாட்டான் எங்களைப் பார்த்தது, பிறகு தகரத்தைப் பார்த்தது, பிறகு திரும்ப எங்களைப் பார்த்தது. ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று கேட்பதுபோலத்தான் இருந்தது. குட்டி வயிற்றை விட்டு இறங்கி, தானாகத் தகரத்துக்கு நேர் கீழே வந்து இருந்தது.

இவர் அந்தக் குட்டியையே பார்த்தார். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்து அவர் காலடிக்கு வந்தது; அதையும் கவனிக்கவில்லை. பிறகு பொட்டலத்தை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் முடிந்துகொண்டு திரும்பினார்.

"நாளைக்குச் சதுர்த்தி எல்லே?" என்றார்.

மச்சாள் திருத்த வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

"ஓம்" என்றேன். "சதுர்த்திதான்."

"ரெண்டு பஞ்சாங்கத்திலையுமோ?"

"ரெண்டிலையும்."

"அப்ப இண்டைக்கு உதொண்டும் தொடவேண்டாம்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். மருந்துக் கடைப்பக்கம் போனார். வரும்போது சாரத்தில் முடிச்சு இல்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் தோய்ந்து, விபூதி பூசி, தேத்தண்ணிகூடக் குடியாமல் விரதம் இருந்தார். நானும் இருந்தேன். வெறும் வயிற்றோடு வேம்பிலிருந்த தகரத்தை அவிழ்த்துக் கொண்டுபோய், தோட்டத்துக்கு வெளியே பனங்காணிக்குள் கட்டினேன். அவை வாழையை மறந்து அங்கே போகுமா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவேண்டும் என்று மட்டும் இருந்தது. மச்சாளும் மோதகம் பிடித்தார்.

மத்தியானம் படைத்து, தேவாரம் பாடி, மூன்று பேரும் இருந்தோம். இவர் ஒரு மோதகத்தைக் கையில் எடுத்துப் பிட்டு வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார். பனங்காணிப் பக்கம் ஒரு குரங்கு கத்தியது.

"அக்கா" என்றார், தலை நிமிராமல். "வெள்ளிக்கிழமை பிடிச்சதிலும் பாக்க இது நல்லாயிருக்கு."